விட்டு வந்த இடத்துக்கே என்னை அனுப்புகிறீர்கள்: இணையும் இரு கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையப்போகும் இரு கைபேசி நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும், அந்த இணைப்பைப் பரிசீலித்துவரும் ஒழுங்குமுறை ஆணையத்தினருக்கும்,

போன வாரம் உங்களிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "மகிழ்ச்சியான செய்தி! நாங்கள் ஒன்றாகிறோம். உங்கள் எண் மாறாது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை." அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல். எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் செய்ய முடியாது என்று நான் படித்துக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை நான் உங்களில் ஒருவருடைய வாடிக்கையாளர். யார் என்று சொல்லப்போவதில்லை. பெயரை எழுதினால் உங்கள் சட்டப் பிரிவிலிருந்து பதில் வரும். எனக்கு வேண்டியது வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஒரு பதில். அங்கே 11 ஆண்டுகள் இருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் இருக்காது. யாராவது அழைத்தால் படிக்கட்டுக்கு ஓடி, மூன்றாவது படியில் நின்று பேச வேண்டும். இரண்டாவது படியில் நின்றால் குரல் துண்டு துண்டாக விழும். அதற்குக்கூடப் பழகிவிட்டேன். பழக முடியாமல் போனது காலர் டியூன் விஷயம்தான். நான் கேட்காத ஒரு பாட்டை என்னை அழைப்பவர்களுக்குப் போட்டுவிட்டு, மாதாமாதம் என் பில்லில் அதற்கு ஒரு தொகையும் சேர்த்தார்கள். கஸ்டமர் கேரில் நான்கு முறை பேசினேன். நான்கு புகார் எண்கள் கிடைத்தன. பாட்டு நிற்கவில்லை. (எனக்குப் பிடித்த பாட்டாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேனோ என்னவோ.)

அப்புறம்தான் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்தேன். முதல் கோரிக்கையை நிராகரித்தார்கள், பாக்கி இருக்கிறதாம். என்ன பாக்கி என்று பார்த்தால், நான் கட்ட மறுத்த அதே காலர் டியூன் தொகை. கட்டித் தொலைத்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தேன். போகாதீர்கள் என்று இரண்டு நாளில் ஆறு அழைப்புகள். அந்த 11 ஆண்டுகளில் அவர்களாக என்னைக் கூப்பிட்டுப் பேசியது அந்த இரண்டு நாள் மட்டும்தான்.

அப்படி வந்து சேர்ந்த இடத்தில் நிம்மதியாக இருந்தேன். சிக்னல் படுக்கையறை வரை வந்தது. இப்போது அந்த நிறுவனம் என்னையும் சேர்த்துப் பழைய நிறுவனத்திடமே ஒப்படைக்கிறது. எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் உரிமை சிங்கப்பூரில் 1997இல் வந்தது. அமெரிக்காவில் 2003 நவம்பரில்தான் வந்தது, அதுவும் நிறுவனங்கள் நீதிமன்றம்வரை போய் எதிர்த்த பிறகு. பிடிக்காத இடத்தை விட்டுப் போகலாம் என்பதுதான் அதன் சாரம். நான் அதைப் பயன்படுத்தி எடுத்த முடிவை, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிய ஒரு கூட்டம் ரத்து செய்துவிட்டது. என்னைப் போல் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு உங்கள் இருவரிடமும் இருக்கும். இணைப்பு பற்றிய அறிக்கையில் அதைக் காணோம். "ஒருங்கிணைந்த வாடிக்கையாளர் தளம்" என்ற ஒரே எண்ணுக்குள் எங்களைக் கொட்டிவிட்டீர்கள்.

தமிழில் நிறுவனங்கள் சேர்வதற்கும் இணைப்பு என்றுதான் சொல்கிறோம், போன் வேலை செய்வதற்கும் இணைப்பு என்றுதான் சொல்கிறோம். உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் 30 முறைக்கு மேல் வருகிறது. ஒரு முறைகூட இரண்டாவது பொருளில் இல்லை.

இரண்டாவது பொருளில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் எண் இருந்த சின்ன நிறுவனம் ஒன்றை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. அப்போதும் மகிழ்ச்சியான செய்திதான் வந்தது. உங்கள் மெசேஜும் அதுவும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் போனில் சிக்னல் கோடுகள் இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறார். சிம்மைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னை அழைத்து, "போன் செத்துப்போச்சுடா" என்றார்.

போனில் பழுதே இல்லை. அந்தச் சின்ன நிறுவனத்திடம் இருந்தது 3ஜி அலைவரிசை மட்டும். வாங்கிய நிறுவனம் அதை எடுத்து 4ஜிக்குக் கொடுத்துவிட்டது. கையில் இருக்கும் அலைவரிசை ஓர் அளவுக்கு உட்பட்டது. பழையதை மூடினால்தான் புதியதை விரிக்க முடியும். அது நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் பட்டன் போனுக்கு 3ஜியைத் தவிர வேறு மொழி தெரியாது. இரவோடு இரவாக டவர் அந்த மொழியை மறந்துவிட்டது.

"மூன்று முறை மெசேஜ் அனுப்பினோமே" என்றார்கள். அனுப்பித்தான் இருந்தார்கள். மூன்றிலும் ஒரு லிங்க், "உடனே தட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்ற எச்சரிக்கையுடன். அப்படி வரும் எதையும் தொடாதீர்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மோசடிக்காரர்கள் எழுதும் அதே பாணியில் ஒரு நிறுவனம் எழுதினால், எச்சரிக்கையாக இருப்பவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

புது சிம் வாங்கப் போனோம். பழைய நிறுவனத்தின் கடை மூடிக்கிடந்தது. புதிய கடையில் கணினியில் அம்மாவின் எண்ணைத் தட்டினால் வரவில்லை. "அவங்க பக்கத்துல இருந்து டேட்டா இன்னும் வரலைங்க" என்றார் அங்கிருந்த பையன், பாவம். பழைய நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண் இன்னும் வேலை செய்தது. "நாங்க எப்பவோ அனுப்பிட்டோம்" என்றார்கள். ஒன்றாகிவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன இரண்டு பேருக்கும், அம்மாவின் விவரம் யாரிடம் இருக்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமை வரவில்லை.

12 நாள் ஆயிற்று. போன் பேச முடியாதது அதில் சின்ன விஷயம். அம்மாவின் ஓய்வூதியக் கணக்கில் எதைச் செய்தாலும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். சரி, வங்கியில் எண்ணையே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றால், அதை உறுதிசெய்யவும் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி. மருத்துவரைப் பார்க்கும் முன்பதிவும் அந்த எண்ணில்தான் இருந்தது. அது வந்ததும் தெரியாது, ரத்தானதும் தெரியாது. கைபேசி எண் ஒரு காலத்தில் ஆட்கள் நம்மைக் கூப்பிட மட்டும் இருந்தது. இப்போது வீட்டுச் சாவி, கையெழுத்து, அடையாள அட்டை எல்லாம் அதுதான். 12 நாள் அது இல்லாமல் இருந்தவரிடம், "தற்காலிக இடையூறுக்கு வருந்துகிறோம்" என்று மெசேஜ் அனுப்பினார்கள். அதுவும் அந்த எண்ணுக்கே.

கடைசியில் எண் உயிர்பெற்றபோது கணக்கில் இருந்த பேலன்ஸ் பூஜ்யம். 16 ஆண்டுகளாக அதே எண்ணை வைத்திருந்தவரை "எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" என்றது திரை.

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவு, நாங்கள் அப்படியில்லை என்று நீங்கள் சொல்லலாம். உங்களைவிடப் பல மடங்கு பெரியவர்களும் இங்கேதான் தடுக்கி விழுந்தார்கள். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் நிறுவனம் 2005இல் நெக்ஸ்டெல்லைச் சேர்த்துக்கொண்டது. மதிப்பு சுமார் 3,500 கோடி டாலர். ஸ்பிரிண்டுடையது சிடிஎம்ஏ நெட்வொர்க், நெக்ஸ்டெல்லுடையது ஐடென் நெட்வொர்க், இரண்டும் வெவ்வேறு தொழில்நுட்பம். ஒன்றின் போன் மற்றதில் வேலை செய்யாது. காகிதத்தில் சேர்ந்தவர்கள் காற்றில் சேரவே இல்லை. வாடிக்கையாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2008 தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 கோடி டாலரை நஷ்டம் என்று எழுதித் தள்ளினார்கள். ஐடென் நெட்வொர்க்கை மூடி முடிக்க 2013 ஜூன் ஆயிற்று.

அதே ஸ்பிரிண்டை 2020 ஏப்ரலில் டி-மொபைல் சேர்த்துக்கொண்டது. அரசு அனுமதி தருவதற்காக, ஸ்பிரிண்டின் பூஸ்ட் என்ற ப்ரீபெய்டு பிரிவை டிஷ் நிறுவனத்துக்கு விற்றார்கள். விலை 140 கோடி டாலர். அந்த விலைக்குள் அடங்கியவர்கள் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். அவர்களில் பலர் கையில் சிடிஎம்ஏ போன்கள். அந்த நெட்வொர்க்கை 2022 ஜனவரி முதல் தேதியோடு மூடப்போகிறோம் என்று டி-மொபைல் அறிவிக்க, அவ்வளவு சீக்கிரம் எல்லாருக்கும் போன் மாற்ற முடியாது என்று டிஷ் முறையிட, தேதி மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனது. இரண்டு நிறுவனங்கள் தேதிக்காகச் சண்டை போட்டன. அந்தப் போனை வைத்திருந்தவரிடம் யாரும் தேதி கேட்கவில்லை.

விலைக்கு வருகிறேன். "விலையில் மாற்றம் இராது" என்று உங்கள் மெசேஜின் கீழே சின்ன எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருக்கிறது. நட்சத்திரத்தைத் தேடிப்போனால் "அறிவிக்கப்படும் வரை" என்கிறது. டி-மொபைலும் இணைப்புக்கு அனுமதி கேட்டபோது, இருக்கும் பிளான்களையோ அவற்றைவிட நல்லவற்றையோ மூன்று ஆண்டுகளுக்குத் தருவோம் என்று உறுதி சொன்னது. மூன்று ஆண்டுகள் 2023இல் முடிந்தன. 2024இல் பழைய பிளான்களின் விலை ஏறியது. சொன்ன சொல்லை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. சொன்ன சொல் தீர்ந்துபோனது. ஆஸ்திரியாவில் ஹட்சிசனின் த்ரீ நிறுவனம் ஆரஞ்சை வாங்கியதும், 2013 முதல் நான்கு நிறுவனங்கள் மூன்றாயின. விலை ஏறியது என்பதை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பே 2016இல் தன் ஆய்வில் எழுதியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் டி-மொபைல் நிறுவனத்தை 3,900 கோடி டாலருக்கு வாங்க, அங்கே போட்டி நிறுவனமான ஏடி அண்டு டி முயன்றது. நீதித்துறை வழக்குப் போட்டது. டிசம்பரில் அந்தப் பேச்சே கைவிடப்பட்டது. டி-மொபைல் தனியாக நிற்பது கஷ்டம் என்று அப்போது சொன்னார்கள். தனியாக நின்ற டி-மொபைல் 2013இல் இரண்டாண்டு ஒப்பந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் வர வேண்டியதாயிற்று. "இணையாவிட்டால் பிழைக்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

ஆனால் எல்லா இணைப்பும் கெட்டது என்று நான் வாதாடவில்லை. ஸ்பிரிண்டின் கையில் இருந்த அலைவரிசைதான் டி-மொபைலின் 5ஜிக்கு முதுகெலும்பாயிற்று. வேகம் நிஜமாகவே கூடியது. அதே சமயம் இணைந்துவிட்டால் மட்டும் பிழைத்துவிடலாம் என்பதும் இல்லை. இந்தியாவில் வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் சேர்ந்தபோது அவர்களிடம் 40 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். இன்று ஏறத்தாழ பாதிதான். ஜியோவின் போட்டி, அரசுக்குக் கட்ட வேண்டிய நிலுவை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. பழியை இணைப்பின் தலையில் மட்டும் போட முடியாது. எப்படியானாலும், போனவர்கள் ஒரு மகிழ்ச்சியான செய்தியைப் படித்த பிறகுதான் போனார்கள்.

ஆணையத்தினருக்கு ஒரு வார்த்தை. சந்தை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க நீங்கள் போடும் கணக்கு எனக்கும் தெரியும்: ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவது. நான்கு நிறுவனங்கள் ஆளுக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,500 வரும். அதில் இரண்டு சேர்ந்தால் 3,750. அமெரிக்காவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் 1,800ஐத் தாண்டிய சந்தையில், ஓர் இணைப்பால் 100 புள்ளி கூடினாலே சந்தேகத்தோடு பார்க்கச் சொல்கிறார்கள். நம் சந்தையில் இந்த எண் என்ன என்பதை உங்கள் அறிக்கையில் எல்லாருக்கும் புரியும்படி போடுங்கள். அதோடு, அந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. நான்கு பேர் இருந்தால் ஒருவரிடம் கோபித்துக்கொண்டு போக மூன்று கதவுகள். மூன்று பேர் என்றால் இரண்டு. அதில் ஒன்று வீட்டுக்குள் சிக்னல் இல்லாத கதவு என்றால், மிஞ்சுவது ஒன்றுதான்.

பிரிட்டனில் வோடஃபோனும் த்ரீயும் சேர 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2025 மே கடைசியில் சேர்ந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கான நெட்வொர்க் முதலீட்டுத் திட்டம், சில பிளான்களுக்கு மூன்று ஆண்டு விலை வரம்பு இரண்டையும் போட்டி ஆணையம் சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனைகளாக எழுதி வாங்கிக்கொண்டது. மூன்று ஆண்டு போதாது என்பது என் கருத்து. இருந்தாலும் எழுதி வாங்கினார்களே. இங்கே நமக்குக் கிடைத்திருப்பது ஒரு நட்சத்திரக் குறி.

ஆகவே என் கோரிக்கைகள். கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இணைப்பு நிறைவேறும் தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்கு, எந்த வாடிக்கையாளரும் எந்தக் காரணமும் சொல்லாமல், அபராதம் இல்லாமல், வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்று இரு நிறுவனங்களும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவணையில் வாங்கிய போனுக்கு மீதித் தவணையை மட்டும் கட்டுவோம். அதற்கு மேல் ஒரு காசும் கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவனம் தானாக ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றினால், ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், மாற்றம் முழுக்க வாடிக்கையாளருக்குச் சாதகமானது என்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர அவர் கூடுதல் செலவின்றி விலகலாம் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. எதிர்ப்பக்கத்து நிறுவனமே என் நிறுவனமாக ஆகிவிடுவதைவிடப் பெரிய நிபந்தனை மாற்றம் எனக்குத் தோன்றவில்லை.

மூடப்போகும் ஒவ்வொரு டவரையும் ஆறு மாதம் முன்பே வரைபடத்தில் காட்டுங்கள். இரண்டு டவர் அருகருகே இருந்தால் ஒன்றை எடுப்பீர்கள் என்பது எனக்கும் புரிகிறது. எதை எடுக்கிறீர்கள் என்பதில்தான் என் படுக்கையறை சிக்னல் இருக்கிறது. எடுத்த பிறகு வீட்டுக்குள் சிக்னல் குறைந்ததாகப் புகார் வந்தால், சரியாகும்வரை அந்த எண்ணுக்கு மாதக் கட்டணம் வாங்காதீர்கள்.

பழைய நெட்வொர்க்கை மூடும்போது அதில் மட்டும் வேலை செய்யும் போன் வைத்திருப்பவர்களுக்கு, லிங்க் இல்லாமல், தட்டச் சொல்லாமல், கடிதமாகவோ நேரிலோ தகவல் சொல்லுங்கள். மாற்றுப் போனை நீங்களே கொடுங்கள். பட்டன் போன்தான் வேண்டும் என்பவருக்குப் பட்டன் போன். புது சிம் வேலை செய்யத் தொடங்கியது என்று உறுதியாகும்வரை பழைய சிம்மை நிறுத்தக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எண் செத்துப்போனால், ஓடிபி சிக்கலை வங்கியிடம் காட்டிப் பேச நிறுவனமே ஒரு சான்று தர வேண்டும். இவை நான்கும் அம்மாவின் 12 நாளில் நான் கற்றுக்கொண்டவை.

பேலன்ஸ், வேலிடிட்டி, எத்தனை ஆண்டு வாடிக்கையாளர் என்ற கணக்கு எல்லாம் அப்படியே வர வேண்டும். பழைய புகார்களும் வர வேண்டும். முடிக்காத புகாரை நிறுவனம் மாறியதைக் காட்டி மூடக் கூடாது. என்னுடைய நான்கு புகார் எண்களையும் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆணையத்தினர் இந்த நிபந்தனைகளை அனுமதி ஆணைக்குள்ளேயே, மீறினால் என்ன தண்டனை என்பதோடு சேர்த்து, எழுத வேண்டும். விலை உறுதி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. அனுமதி தருவதற்கு முன் வாடிக்கையாளர்களை நேரில் வரச்சொல்லி ஒரு நாளாவது கேளுங்கள். வக்கீல்களோடு அல்ல, பில்லோடு வருகிறோம்.

கடைசியாக ஒன்று. அடுத்த மெசேஜை அனுப்பும்போது, பதில் அனுப்பக்கூடிய எண்ணிலிருந்து அனுப்புங்கள். போன வாரம் நான் அனுப்பிய பதில் போகவில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரை விட்டு மற்றவரிடம் வந்த ஒரு வாடிக்கையாளர்